மான்டினியா சமவெளிக்கு எந்தக் காலாட்படை?

கி.மு. 208. தெற்கு கிரேக்கத்தின் பெலோபொன்னீஸ் நகரங்களில், பட்டறை தோறும் விருந்துக் கோப்பைகளை உடைத்துக் குவித்திருந்தார்கள். அந்தப் பொன்னும் வெள்ளியும் மார்க்கவசத்துக்கும் கேடயத்துக்கும் பூச்சாகப் போயின. வீட்டுப் பெண்கள் கையில் தலைக்கவசங்கள். உச்சியில் செருகும் குஞ்சங்களுக்குச் சாயம் தோய்த்துக்கொண்டிருந்தார்கள். மைதானங்களில் இளைஞர்கள் முழுக் கவசத்தோடு பயிற்சி எடுத்தார்கள். அதுவரை ஆடைக்கும் விருந்துக்கும் பணத்தை இறைத்துவந்த குடும்பங்கள் இவை. பண்டைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதி வைத்திருக்கும் காட்சி இது.

இவ்வளவுக்கும் காரணம் ஒரே முடிவு. அக்கேயக் கூட்டமைப்பு தன் காலாட்படையின் ஆயுதத்தையும் நிற்கும் முறையையும் அடியோடு மாற்றியது. முடிவெடுத்தவர் அந்த ஆண்டின் தளபதி, மெகலோபொலிஸ் ஊர்க்காரர் பிலோபோமென்.

கிரேக்கக் காலாட்படை என்று பேச்செடுத்தால், எந்த அணி பலமானது என்ற இடத்திலேயே பெரும்பாலும் நின்றுவிடுகிறோம். பெரிய வட்டக் கேடயமும் ஈட்டியும் ஏந்திய ஹோப்லைட்டா, மாசிடோனிய ஈட்டிக்காரனா, யார் யாரை வெல்வார் என்று. எனக்கு வாங்குகிறவர் இடத்தில் நின்று பார்க்கத்தான் பிடிக்கும். கையில் இருக்கும் ஆட்கள் யார், அவர்கள் எத்தனை நாள் ஒதுக்குவார்கள், எந்த மண்ணில் யாரோடு மோத வேண்டும் என்பதை வைத்தே தளபதி தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. பிலோபோமென் முன்னால் இருந்த வழிகளை அப்படியே எடுத்துப் பார்ப்போம்.

முதலில் அவருடைய நெருக்கடி. அக்கேயக் கூட்டமைப்பு என்பது பல நகரங்கள் சேர்ந்து நடத்திய ஆட்சி. தளபதியை ஆண்டுதோறும் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பார்கள். ஒருவரே அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் இருக்க முடியாது. ஆக, எந்தத் திட்டமானாலும் ஓராண்டுக்குள் பலன் தெரிந்தாக வேண்டும். தெற்கே ஸ்பார்ட்டா, மக்கானிடாஸ் என்ற சர்வாதிகாரியின் பிடியில் இருந்தது. கி.மு. 223-ல் ஸ்பார்ட்டாவின் படை இரவோடு இரவாக மெகலோபொலிஸுக்குள் புகுந்து, பிறகு ஊரையே இடித்துத் தள்ளியது. ஊர்மக்கள் தப்பிப் போகும்வரை பின்னால் நின்று சண்டையிட்டவர்களில் பிலோபோமெனும் ஒருவர். அப்போது அவருக்கு வயது 30. ஸ்பார்ட்டா மறுபடி வந்தால் என்ன ஆகும் என்பதை யாரும் அவருக்கு விளக்க வேண்டியதில்லை.

பழைய வழி: ஹோப்லைட்

மான்டினியா சமவெளி ஆர்கேடியாவின் மலைகளுக்கு நடுவே கிடக்கிறது. அதே மண்ணில் கி.மு. 418-ல் ஸ்பார்ட்டாவும் ஆர்கோஸ், ஏதென்ஸ் கூட்டணியும் மோதின. இருபுறமும் ஹோப்லைட்டுகள். அந்தப் போரை எழுதும் இடத்தில்தான் ஏதென்ஸ் வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் ஹோப்லைட் அணியின் அடிப்படைக் கோளாறைச் சொல்கிறார்.

அதைப் புரிந்துகொள்ள அந்தக் கேடயத்தைக் கையில் மாட்டிப் பார்க்க வேண்டும். வட்டக் கேடயம், ஏறக்குறைய 90 சென்டிமீட்டர் விட்டம், 6 முதல் 8 கிலோ எடை. நடுவில் வெண்கலப் பட்டை. அதற்குள் முன்னங்கையை முழங்கை வரை நுழைத்து, விளிம்பிலுள்ள கயிற்றை விரல்களால் பற்ற வேண்டும். இப்படி மாட்டினால் கேடயத்தின் ஒரு பாதிதான் உங்கள் உடம்பை மறைக்கும். மறு பாதி இடப்பக்கம் நீண்டு நிற்கும். அது பக்கத்து ஆளின் வலப்பக்கத்துக்கு உதவும். உங்கள் வலப்பக்கம், அந்தப் பக்கம் நிற்பவரின் கேடயத்தின் நிழலில் இருக்கும். நடக்கத் தொடங்கியதும் பயம் வேலை செய்யும். ஒவ்வொருவரும் வலப்பக்கத்து ஆளின் கேடயத்தோடு ஒட்டிக்கொள்ளப் பார்ப்பார். மொத்த அணியும் வலப்பக்கமாக நகர்ந்துகொண்டே போகும். தொடங்கி வைப்பவர் வலது ஓரத்தில் நிற்பவர். கேடயம் மறைக்காத தன் பக்கத்தை எதிரியிடமிருந்து விலக்கிக்கொள்ளத்தான் அவர் ஒதுங்குகிறார்.

அன்று ஸ்பார்ட்டாவின் அரசர் ஏகிஸ், இந்த நகர்வைச் சரிக்கட்ட இடது ஓரத்தை இன்னும் வெளியே தள்ளினார். உண்டான இடைவெளியை நிரப்ப வலப்பக்கத்திலிருந்து இரண்டு பிரிவுகளை வரச் சொன்னார். அவற்றின் தலைவர்கள் இருவரும் வர மறுத்துவிட்டார்கள். பின்னால் கோழைத்தனம் என்று குற்றம்சாட்டி இருவரையும் நாடு கடத்தினார்கள். இடைவெளிக்குள் எதிரி புகுந்தும் ஸ்பார்ட்டா ஜெயித்தது. ஜெயித்ததற்குக் காரணம் ஸ்பார்ட்டாக்காரர்களின் ஒழுங்கு. குழல் ஓசைக்கு அடி வைத்து மெதுவாக நடந்து வந்த படை அவர்களுடையது ஒன்றுதான்.

ஹோப்லைட் முறையின் கவர்ச்சி எனக்குப் புரிகிறது. நிலம் வைத்திருப்பவர் தன் செலவில் ஆயுதம் கொண்டுவருவார். அரசு கஜானாவைத் திறக்க வேண்டாம். அண்டை வீட்டுக்காரர் பக்கத்தில் நிற்பதால் ஓடிப்போக வெட்கம் தடுக்கும். பயிற்சியும் அதிகம் தேவையில்லை. கி.மு. 490-ல் மாரத்தானில் ஏதென்ஸ் இழந்தது 192 பேரைத்தான். ஆனால் கி.மு. 371-ல் லூக்ட்ராவில் தீப்ஸ் நகரத்தார் இடப்பக்கத்தில் 50 ஆள் ஆழத்துக்கு அணிவகுத்து, 12 ஆள் ஆழத்தில் நின்ற ஸ்பார்ட்டாவைப் பிளந்தார்கள். களத்தில் இருந்த ஸ்பார்ட்டாவின் முழுக் குடிமக்கள் 700 பேரில் 400 பேர் செத்தார்கள். ஒரே இடத்தில் எடையைக் குவித்தால் மெல்லிய வரிசை தாங்காது என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது.

கி.மு. 208-ல் ஹோப்லைட்டுக்குத் திரும்புவது பலவீனமான வழி என்று நான் நினைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எதிராளி ஏற்கெனவே மாறிவிட்டார். கி.மு. 227 வாக்கில் ஸ்பார்ட்டாவின் அரசர் மூன்றாம் கிளியோமெனீஸ் 4,000 பேருக்கு நீள ஈட்டியை இரு கையாலும் பிடிக்கவும், கேடயத்தை வாரால் தொங்கவிட்டுக்கொள்ளவும் பழக்கினார். இரண்டு, இரண்டரை மீட்டர் ஈட்டியோடு அந்த அணிக்கு முன்னால் போய் நிற்பதை எந்தத் தளபதியும் விரும்பமாட்டார்.

எறிவேல்காரர்கள்

இந்த வழியின் வரலாறு ஏதென்ஸின் டெமோஸ்தனீஸிடம் நன்றாகத் தெரிகிறது. பேச்சாளர் டெமோஸ்தனீஸ் வேறு. இவர் தளபதி, அவருக்கு முந்தைய நூற்றாண்டுக்காரர். கி.மு. 426-ல் ஏட்டோலியாவின் மலைகளுக்குள் ஹோப்லைட்டுகளை நடத்திப் போனார். ஏட்டோலியர்கள் மேட்டிலிருந்து ஓடி வந்து எறிவேலை வீசினார்கள், துரத்தினால் ஓடினார்கள், திரும்பினால் மறுபடி வந்தார்கள். ஏதென்ஸின் வில்லாளிகளிடம் அம்பு இருந்தவரை தாக்குப்பிடித்தார்கள். வில்லாளிகளின் தலைவர் விழுந்ததும் எல்லாம் சிதறியது. ஏதென்ஸின் 120 ஹோப்லைட்டுகள் அங்கே மடிந்தார்கள். ஸ்பார்ட்டாவோடு நடந்த அந்த நீண்ட போரில் ஏதென்ஸ் இழந்தவர்களில் ஆகச் சிறந்தவர்கள் இவர்கள் என்று துசிடிடீஸ் வருத்தத்தோடு எழுதுகிறார்.

டெமோஸ்தனீஸ் அந்தத் தோல்வியை மறக்கவில்லை. அடுத்த ஆண்டே, ஸ்பாக்டீரியா தீவில் 420 ஸ்பார்ட்டா ஹோப்லைட்டுகள் சிக்கியபோது, தான் பட்டதை அவர்களுக்குத் திருப்பிச் செய்தார். இருநூறு இருநூறு பேராக இலகுபடையை மேடுகளில் நிறுத்தினார். ஸ்பார்ட்டாக்காரர்கள் எந்தப் பக்கம் திரும்பினாலும் முதுகுப் பக்கம் அடி விழுந்தது. தீவின் காடு சில நாள் முன்பு எரிந்திருந்ததால் சாம்பல் புழுதியாகக் கிளம்பிக் கண்ணை மறைத்தது. கூச்சலில் உத்தரவு காதில் விழவில்லை. கடைசியில் 292 பேர் சரணடைந்தார்கள். அவர்களில் சுமார் 120 பேர் ஸ்பார்ட்டாவின் முழுக் குடிமக்கள். ஸ்பார்ட்டாக்காரன் சரணடைவான் என்று கிரேக்கத்தில் யாரும் அதுவரை நினைத்ததில்லை. செத்தவர்கள்தானே வீரர்கள் என்று ஒருவர் குத்தலாகக் கேட்டதற்கு, வீரனைப் பார்த்துப் பொறுக்கத் தெரிந்த அம்பு என்றால் அதன் விலை மிக அதிகமாக இருக்கும் என்று கைதி ஒருவர் பதில் சொன்னாராம்.

கி.மு. 390-ல் கொரிந்த் அருகே லெக்கேயத்தில் ஏதென்ஸ் தளபதி இஃபிக்ராட்டீஸின் பெல்டாஸ்டுகள், சுமார் 600 பேர் கொண்ட ஸ்பார்ட்டாப் பிரிவைச் சிதைத்தார்கள். ஏறக்குறைய 250 பேர் செத்தார்கள். பெல்டாஸ்ட் என்பவர் சின்னக் கேடயமும் எறிவேல்களும் வைத்திருப்பவர். வேல்தண்டில் தோல்வாரைச் சுற்றி, அதன் வளையத்தில் விரலை மாட்டி வீசுவார். வார் பிரியும்போது வேல் சுழன்றுகொண்டே போகும். நேராகவும் தூரமாகவும் விழும். ஸ்பார்ட்டாத் தலைவர் இளவயதுக்காரர்களை மட்டும் துரத்தச் சொன்னார். கனமான கேடயத்தோடு அவர்களால் எட்டிப் பிடிக்க முடியவில்லை. திரும்பி நடக்கும்போது சிதறி நின்றவர்கள் ஒவ்வொருவராக விழுந்தார்கள்.

இந்த இரண்டு வெற்றிகளையும் காட்டி, இலகுபடையே போதும் என்று சொல்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. லெக்கேயத்தில் ஏதென்ஸின் ஹோப்லைட்டுகள் காலியாஸ் தலைமையில் பக்கத்திலேயே அணிவகுத்து நின்றார்கள். ஸ்பாக்டீரியாவிலும் ஏதென்ஸின் ஹோப்லைட் அணி எதிரே நின்றதால்தான் ஸ்பார்ட்டாக்காரர்கள் கட்டுண்டு கிடந்தார்கள். எறிவேல்காரன் எதிரியைத் தேய்ப்பான்; இடத்தைப் பிடித்து வைத்திருக்கமாட்டான். மலையோரத்தில் சிறுவயது முதல் வீசிப் பழகியவனின் கை, சமவெளி நகரத்து இளைஞனுக்கு ஓராண்டில் வராது. அக்கேயாவின் குடிமக்கள் பெரும்பாலும் நகரத்துக்காரர்கள்.

கையில் இருந்தது: கதவுக் கேடயம்

அக்கேயர்கள் அப்போது வைத்திருந்தது இரண்டுக்கும் நடுவிலான வகை. துரியோஸ் என்ற நீள்வட்டக் கேடயம், எறிவேல், நடுத்தர ஈட்டி. பெயர் கிரேக்கத்தில் கதவு என்ற சொல்லிலிருந்து வந்தது. கி.மு. 279-ல் கெல்ட்டியர்கள் கிரேக்கத்துக்குள் டெல்ஃபி வரை படையெடுத்து வந்த காலத்துக்குப் பிறகு இது பல நகரங்களில் பரவியது. ரோந்து, எல்லைக்காவல், திடீர்த் தாக்குதல் என்றால் நல்ல ஏற்பாடு. ஓடலாம், ஏறலாம், எறியலாம்.

குறையைப் புளூட்டார்க் நறுக்கென்று சொல்கிறார். கேடயம் ஒடுங்கியது, உடம்பை மறைக்காது. ஈட்டி, மாசிடோனியரின் நீள ஈட்டியான சரிஸ்ஸாவைவிடக் குட்டை. தூரத்தில் இலகுவாக இருந்ததால் பயன்பட்டார்கள், நெருங்கிவிட்டால் தோற்றார்கள். நெருக்கி நின்று கேடயத்தோடு கேடயம் சேர்க்கும் பழக்கமே இல்லாததால் எளிதில் உடைந்தார்கள். எல்லா வேலையும் ஓரளவு செய்யும் ஏற்பாட்டுக்கு இது நேர்வதுதான். சில்லறைச் சண்டை நிறைய உள்ள ஊருக்கு நான் இதையே சொல்வேன். ஆனால் மக்கானிடாஸ் கொண்டுவரப்போவது முழுப் படையை.

கூலிப்படை? பணம் இருந்தது, அக்கேயர்கள் முன்பும் அதை நம்பியிருக்கிறார்கள். பிலோபோமெனின் ஊர்க்காரரும் வரலாற்றாசிரியருமான பாலிபியஸ் இதைப் பற்றிக் கூர்மையாக எழுதுகிறார்: சர்வாதிகாரியின் கூலிப்படை, மக்களாட்சியின் கூலிப்படையைவிட நன்றாகச் சண்டையிடும். சர்வாதிகாரி ஜெயித்த பிறகும் அவனுக்கு ஊரை அடக்க ஆள் தேவை, வேலை போகாது. மக்களாட்சி ஜெயித்துவிட்டால் கூலிப்படையைக் கலைத்துவிடும். தன் வேலைக்குத் தானே முடிவு கட்டிக்கொள்ள யார் உயிரைக் கொடுப்பார்? ஆக, கூலிக்காரர்களை ஓரத்தில் வைத்துக்கொள்ளலாம். நடுவில் நிறுத்த முடியாது.

சரிஸ்ஸா

மீதமுள்ளது மாசிடோனிய ஃபாலங்ஸ், அதாவது நீள ஈட்டிகளோடு நெருக்கி நிற்கும் அணி. பாலிபியஸ் தரும் அளவு நம் முழக் கணக்கிலேயே இருக்கிறது. சரிஸ்ஸா ஈட்டி நடைமுறையில் 14 முழம். பிடிக்கவும் பின்பாரத்துக்கும் 4 முழம் போக, 10 முழம் முன்னால் நீண்டு நிற்கும். அணி 16 ஆள் ஆழம். வரிசைக்கு வரிசை இடைவெளி 2 முழம். முதல் வரிசைக்காரனுக்கு முன்னால் அவனுடைய முனை 10 முழத்தில், இரண்டாம் வரிசையின் முனை 8 முழத்தில், பிறகு 6, 4, 2. ஆளுக்கு ஐந்து முனை. ஆறாம் வரிசை முதல் பின்னால் நிற்பவர்கள் ஈட்டியைச் சாய்த்து மேலே தூக்கிப் பிடிப்பார்கள். பறந்து வரும் அம்பும் வேலும் அந்தக் கழிக்காட்டில் பட்டு வேகம் குறையும். முன்னால் இருப்பவன் திரும்பி ஓட நினைத்தாலும் முதுகில் முட்டும் உடம்புகள் விடாது.

என் கணக்கில் இதன் மிகப் பெரிய நன்மை நீளத்தைவிட, தனியாளிடம் கேட்பது குறைவு என்பதுதான். வாள்வீச்சு வேண்டாம், குறி பார்க்க வேண்டாம். வரிசையில் நில், ஒரே நேரத்தில் ஈட்டியைத் தாழ்த்து, அடி பிசகாமல் நட. மாதக்கணக்கில் சொல்லித்தரக்கூடியது. மெகலோபொலிஸுக்கு இதில் முன்பழக்கமும் இருந்தது: கி.மு. 222-ல் செல்லாசியாப் போரில் அந்த ஊர்க்காரர்கள் 1,000 பேர் மாசிடோனிய ஆயுதத்தோடு நின்றிருக்கிறார்கள். அதே களத்தில் குதிரைப்படையில் இருந்த பிலோபோமெனின் இரு தொடைகளையும் எறிவேல் துளைத்தது.

விலையும் உண்டு. இரு கையும் ஈட்டியில் இருப்பதால், பக்கத்திலிருந்து ஒருவன் குறுவாளோடு வந்தால் சரிஸ்ஸாக்காரன் தவிப்பான். பள்ளம், வாய்க்கால், மரக்கூட்டம், மேடு எது வந்தாலும் வரிசை பிளக்கும். இப்படித் தடையே இல்லாத 20 ஸ்டேடியம் நிலம், அதாவது மூன்றரை கிலோமீட்டருக்குச் சற்று மேல், கிடைப்பது அரிது என்று பாலிபியஸே சொல்கிறார். தன் சொந்தக் கூட்டமைப்பின் படை இந்த முறையில் சண்டையிட்டும் அவர் மறைக்கவில்லை. அவரை நான் மதிப்பதற்கு அது ஒரு காரணம்.

தேர்வும் சோதனையும்

பிலோபோமென் சரிஸ்ஸாவைத் தேர்ந்தெடுத்தார். எட்டு மாதத்துக்குள் படையைத் திரட்டிப் பழக்கினார் என்பது பாலிபியஸின் கணக்கு. செருப்பைவிடக் கால்கவசம் பளபளப்பாகவும் கச்சிதமாகவும் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். இளைஞர்களின் பகட்டு ஆசையைத் திட்டித் திருத்த அவர் மெனக்கெடவில்லை. அதை அப்படியே ஆயுதத்தின் பக்கம் திருப்பிவிட்டார்.

கி.மு. 207 கோடையில் மக்கானிடாஸ் மான்டினியாவுக்கு வந்தார். வண்டிகளில் கவண்பொறிகளை ஏற்றிக்கொண்டு வந்தார். நெருக்கி நிற்கும் ஃபாலங்ஸைத் தூரத்திலிருந்தே குலைக்கப் பார்த்தார். பிலோபோமென் தன் ஃபாலங்ஸை ஒரே சுவராக நிறுத்தவில்லை. சிறு பிரிவுகளாக வெட்டி, நடுநடுவே இடைவெளி விட்டு, சமவெளியின் குறுக்கே ஓடிய பள்ளத்தின் பின்னால் நிறுத்தினார். அடுத்து கிரேக்கத்துக்கு வடமேற்கிலிருந்து வந்த இல்லிரியர்கள், கவசம் அணிந்த இலகுவீரர்கள். இடது ஓரத்தில் கூலிப்படையும் இலகு குதிரைப்படையும். சரிஸ்ஸாவால் முடியாத ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஆள் இருந்தது.

கவண்பொறிகள் வேலையைத் தொடங்குமுன் பிலோபோமென் தன் குதிரைப்படையை ஏவிவிட்டார். இடது ஓரத்தில் கூலிப்படையும் கூலிப்படையும் மோதின. மக்கானிடாஸின் ஆட்கள் ஜெயித்து, ஓடியவர்களை மான்டினியா நோக்கித் துரத்திக்கொண்டு போனார்கள். மக்கானிடாஸும் கூடவே போனார். அவர் விட்டுப்போன இடத்துக்கு பிலோபோமென் ஃபாலங்ஸின் முதல் பிரிவுகளை இடப்பக்கம் திருப்பி, விரைவாக நகர்த்தினார். சிறு பிரிவுகளாக வெட்டியிருக்காவிட்டால் இது நடந்திருக்காது.

தலைவர் இல்லாத ஸ்பார்ட்டாவின் ஃபாலங்ஸ் ஈட்டியைத் தாழ்த்திப் பாய்ந்தது. முன்னால் அந்தப் பள்ளம். கரை சரிவு, கோடையில் தண்ணீர் இல்லை, புதரும் இல்லை. இறங்கி ஏறிவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். இறங்கினார்கள். முன்வரிசை கீழே போனதும் பின்வரிசையின் ஈட்டிகள் வெறுங்காற்றில் நின்றன. ஏறும்போது ஒவ்வொருவரும் ஒவ்வொரு உயரத்தில் இருந்தார்கள். அக்கேயர்கள் அந்த நேரத்துக்காகக் காத்திருந்தார்கள். மேட்டிலிருந்து சரிஸ்ஸாக்களைத் தாழ்த்தி, ஒரே குரலில் கத்திக்கொண்டு இறங்கினார்கள். குறைந்தது 4,000 ஸ்பார்ட்டாக்காரர்கள் செத்தார்கள். அதைவிட அதிகம் பேர் பிடிபட்டார்கள். திரும்பி வந்த மக்கானிடாஸ் பள்ளத்தைக் குதிரையில் கடக்க முயன்றபோது பிலோபோமெனின் கையாலேயே இறந்தார்.

இருபக்கமும் ஒரே ஈட்டி, ஒரே அணி. மண்ணை முன்கூட்டிப் பார்த்து வைத்தவர் பக்கம் வெற்றி போனது. அந்த ஆண்டுக்கும் அந்த எதிரிக்கும் சரிஸ்ஸா சரியான தேர்வு என்றே நான் சொல்வேன். பக்கத்தில் வைத்த இலகுபடையும் முன்னால் இருந்த பள்ளமும் சேர்ந்ததால்தான் சரி. தனியாக சரிஸ்ஸாவை மட்டும் வாங்குகிறவருக்கு என்ன நேரும் என்பதைப் பத்தாண்டு கழித்து, கி.மு. 197-ல் சைனோசெஃபலே குன்றுகளில் மாசிடோனிய அரசர் ஐந்தாம் ஃபிலிப்பே பார்த்தார். அவருடைய ஃபாலங்ஸின் ஒரு பாதி சரிவில் ஜெயித்து இறங்கிக்கொண்டிருந்தது. மறு பாதி இன்னும் அணியே சேரவில்லை. ரோமானியத் துணைத்தளபதி ஒருவர் 20 பிரிவுகளைத் திருப்பி ஜெயித்த பாதியின் முதுகில் விட்டார். 14 முழ ஈட்டியோடு திரும்பிப் பார்க்க யாராலும் முடியவில்லை.

பிலோபோமென் தன் தேர்வோடு ஒட்டிக்கொண்டு நிற்கவில்லை. கி.மு. 192-ல் ஸ்பார்ட்டாவின் அடுத்த சர்வாதிகாரி நபிஸ் அவரை மலைக்கணவாயில் மடக்கியபோது, மறைவான பள்ளத்தாக்கில் இலகுபடையை ஒளித்துவைத்தார். முன்னால் சண்டையிட்டவர்களைத் தோற்றவர்கள் போல ஓடச் சொல்லி, எதிரியை அதற்குள் இழுத்தார்.

வழிப்பயணத்தில் குறுகிய கணவாய் வந்தால் அவர் நின்றுவிடுவாராம். தனியாக இருந்தால் தனக்குள், கூட ஆள் இருந்தால் அவர்களிடம் கேட்பார்: எதிரி இந்த இடத்தில் முன்னாலிருந்து வந்தால்? பக்கத்துச் சரிவிலிருந்து வந்தால்? பின்னாலிருந்து வந்தால்? நான் எந்த இடத்தைப் பிடிப்பேன், எத்தனை பேரை நிறுத்துவேன், அவர்கள் கையில் எந்த ஆயுதத்தைக் கொடுப்பேன்?